ஏழாம் மூட்டு

வேகத்தடை வரும்போதெல்லாம் கிரேன்காரர் மடியிலிருந்த லேப்டாப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். திரை திறந்தே இருந்தது. பக்கத்தில், ஸ்ட்ரெச்சரில், கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தப்பட்டு மகள் கிடந்தாள். வண்டி குலுங்கும்போது அவள் தலை லேசாக அவர் பக்கம் திரும்பியது. எதிரில் உட்கார்ந்திருந்த மனைவி கையை நீட்டி அதை நேராக வைத்தாள்.

"அதை மூடி வைங்களேன். அவளே போயிட்டா. இன்னும் என்ன?"

"மூடக்கூடாதுன்னு சொன்னா."

மனைவி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரையின் அடியில் ஒரு பச்சைப் பட்டை, அதன் நுனியில் எண்பத்தொன்று என்ற எண். ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தபோதும் அதே எண்தான். மகளின் போனிலிருந்துதான் லேப்டாப்புக்கு நெட் வந்துகொண்டிருந்தது. அது அவர் சட்டைப்பையில், நெஞ்சுக்கு மேல், சூடாக இருந்தது.

முப்பத்தோரு வருஷம் கட்டட வேலைகளில் கிரேன் ஓட்டியவர் அவர். ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் தெருவில் அவருக்கு அதுதான் பெயர். அவர் ஆகாயத்தில் உட்கார்ந்து தூக்கி வைத்த இரும்புகளையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு, தாங்குமா தாங்காதா என்று சொல்கிற வேலைக்கு மகள் போனாள். "நீங்க தூக்குவீங்க, நான் விழாம பாத்துக்குவேன்" என்று அவள் கேலி செய்வாள். எட்டு மாதத்துக்கு முன்னால் அவள் ரத்தத்தில் நோய் வந்தது. கட்டிலில் படுத்தபடியே வேலை பார்த்தாள். வேண்டாமென்று யார் சொல்லியும் கேட்கவில்லை.

நேற்று மத்தியானம்தான் அவரைக் கூப்பிட்டு, கட்டில் மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைக்கச் சொன்னாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். திரையில் ஒரு பெரிய கூரை வந்தது. மீன்முள் மாதிரி இரும்புச் சட்டங்கள்.

"புது உள்விளையாட்டு அரங்கம்ப்பா. நம்ம ஆபீஸ் கணக்கு. என் கையெழுத்து."

"அதான் முடிஞ்சிடுச்சே. நாளன்னிக்குத் திறக்கறாங்களாமே."

"முடிஞ்சுதான் இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "முழுக் கூரையையும் ஒரே துண்டா கணக்குப் போட முடியாதுப்பா. சின்னச் சின்னத் துண்டா வெட்டணும். ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை எவ்வளவு இழுக்குது, எவ்வளவு தள்ளுதுன்னு மெஷின் போட்டுப் பாக்கும். துண்டு பெரிசா இருந்தா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். ஆனா ஒரே ஒரு இடம் மட்டும் தவிச்சிட்டு இருந்தா, அது அக்கம்பக்கத்தோட கலந்து சராசரியில அமுங்கிப் போயிடும்."

"உங்க அம்மா தலைவலின்னு படுத்திருக்கிறது எனக்குச் சாயங்காலம்தான் தெரியுமே, அந்த மாதிரி."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"நான் பெரிய துண்டாப் போட்டேன்ப்பா. அவங்களுக்கு அவசரம். எனக்கும் முடியல. எல்லாம் பச்சையாத்தான் வந்துச்சு. ஆனா வடக்கு மூலையில, ஏழாம் மூட்டுல, நாலு சட்டம் வந்து சேருற இடத்துல, ஒரு எண் எனக்குப் பிடிக்கல. மூணு வாரமா அதே ஞாபகம்." கையை எடுத்து அவர் மணிக்கட்டில் வைத்தாள். அதில் எடையே இல்லை. "இப்ப சின்னத் துண்டாப் போட்டு விட்டிருக்கேன். இருபது மணி நேரத்துக்கு மேல ஆகும். மூடிடாதீங்க."

காலையில் அவருக்கு ஒரே வேலைதான். அவள் கண் திறக்கும்போதெல்லாம் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டு. எழுபத்துமூன்று. ஒன்பதே முக்காலுக்கு, "எவ்வளவுப்பா?" என்றாள். "எழுபத்தெட்டு" என்றார். அவள் உதட்டுக்குள் ஏதோ கழித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. நர்ஸ் வந்து திரைச்சீலையை இழுத்தபோதுதான் அவர் எழுந்து நின்றார்.

தாழ்வாரத்தில் நின்று முதலில் ஆபீசுக்குத்தான் போன் செய்தார். மேலாளருக்கு ஆபீசில் 'நேத்தே' என்று பட்டப்பெயர். எப்போது வேண்டும் என்று கேட்டால் "நேத்தே" என்பாராம். மகள்தான் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் செய்தியைக் கேட்டதும் கனத்த குரலில், "நீங்க எதையும் யோசிக்காதீங்க ஐயா. ஆபீஸ் பக்கம் எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பை உள்ளறையில் சார்ஜரில் போட்டார். கூடத்தில் பெஞ்சைத் துடைத்து மகளைக் கிடத்தினார்கள். உறவுக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். பதினொன்றரை வாக்கில் உள்ளே போய்ப் பார்த்தார். பட்டையைக் காணவில்லை. சாம்பல் நிறத் திரையில் ஒரே ஒரு வரி: கணக்கு மூடப்பட்டது.

அவர் அதை இரண்டு முறை படித்தார். சரியாகி முடிந்தால் முடிந்தது என்றுதானே வரும்? தப்பு இருந்தால் சிவப்பாக வரும் என்று அவள் சொல்லியிருந்தாளே. சிவப்பு இல்லை. கூடத்துக்குப் போய் மகளின் காதருகே குனிந்து, "முடிஞ்சிடுச்சும்மா" என்றார். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் விம்மினார்கள்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து மகளின் பக்கத்து மேசைத் தோழி வந்தாள். அழுது முடித்து எழுந்தவளைத் தனியாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். அவள் குனிந்து படித்தாள். நிமிர நேரமானது.

"அங்கிள், இது அந்தக் கணக்கு இல்ல. இது அவ பேர்ல ஆபீஸ்ல இருக்கிற கணக்கு. அவ உள்ள போறதுக்கான கணக்கு. அதை மூடியிருக்காங்க. மூடினா அவ பேர்ல ஓடுறதெல்லாம் நின்னுடும்."

"நான் திரையை மூடவே இல்லையேம்மா. வண்டியில கூட மடியில வெச்சுக்கிட்டுத்தான் வந்தேன்."

"நீங்க மூடியிருந்தாலும் ஓடியிருக்கும் அங்கிள். திறந்திருந்தா எண் தெரியும், அவ்வளவுதான். ஓடுறது ஆபீஸ் மெஷின்ல."

"அப்ப ஏன் நிறுத்தினாங்க?"

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "யாராவது வேலையை விட்டுப் போனா, இல்ல... தகவல் வந்த உடனே மூடுறதுதான் வழக்கம். பதினொண்ணு பத்துக்கு மூடியிருக்காங்க."

அவர் தாழ்வாரத்தில் நின்று போன் செய்தபோது மணி பத்தரை.

அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ ஓட்டுவியாம்மா?"

"எனக்கு அதைத் தொட அனுமதி இல்ல." பிறகு, "நாளைக்குக் காலையில முயற்சி பண்றேன். ஆனா முதல்லேர்ந்து ஓடணும். விழா நாளைக்குச் சாயங்காலம்" என்றாள்.

மறுநாள் காலை எரியூட்டும் இடத்துக்கு மேலாளர் வந்தார். வெள்ளைச் சட்டை, சிவந்த கண்கள். நடிப்பு இல்லை. மேலாளருடைய மகள் வயதுதான் இவளுக்கும். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது கிரேன்காரரின் தோளைத் தொட்டு, "அந்த லேப்டாப் ஆபீஸ் பொருள் ஐயா. அவசரமில்ல. மெதுவாக் குடுங்க" என்றார்.

அந்த வாயிலிருந்து அவசரமில்லை என்ற சொல் வந்தது கிரேன்காரருக்கு என்னவோ போலிருந்தது.

"ஏழாம் மூட்டுன்னு சொன்னா."

மேலாளர் கையை எடுத்துக்கொண்டார். "எனக்கும் சொன்னா. அது மூணு பேர் பாத்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு ஐயா. நல்ல பொண்ணு. மருந்து வேகத்துல பாவம், என்னென்னவோ தோணியிருக்கும். அதைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

வீட்டுக்கு வந்து குளித்தார். மனைவி சாப்பிடச் சொன்னாள். தலையைக்கூடச் சரியாகத் துவட்டாமல் சட்டையை மாட்டிக்கொண்டு, "வந்துடறேன்" என்றார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்ததை மட்டும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அரங்கத்துக்குள் அவரை யாரும் தடுக்கவில்லை. விழா வேலைகளில் ஆளாளுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். தரை முழுக்கக் கறுப்பு மெத்தை நாற்காலிகள், வரிசை வரிசையாக. அவர் வடக்கு மூலைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். வாசலிலிருந்து சட்டங்கள் சேரும் இடங்களை எண்ணினார். ஐந்து, ஆறு, ஏழு. எல்லாம் ஒரே வெள்ளை. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அந்த உயரத்தில் எதுவும் தெரியவில்லை.

ஆனால் ஏழிலிருந்து ஒரு தடித்த சங்கிலி இறங்கியது. அதில் பீரோ பீரோவாக நாலு ஸ்பீக்கர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொங்கின. அதன் நேர் கீழே எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது என்ன எடை?"

"தெரியாது பெரியவரே. ஒண்ணத் தூக்க ஆறு பேர் பிடிச்சோம்."

"அங்க மாட்டச் சொல்லி யார் சொன்னது?"

"சவுண்டுக்காரங்க. மேடைக்குப் பக்கத்துல வசதியா இருந்துச்சு."

எடை தெரியாத ஒன்றை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. அப்படித் தூக்க மறுத்ததற்காக இரண்டு முறை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு குனிந்து, சங்கிலிக்கு நேர் கீழே இருந்த வரிசையில் முதல் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்த் தென்சுவரோரம் வைத்தார். திரும்பி வந்து அடுத்ததை இழுத்தார்.

"பெரியவரே, என்ன பண்றீங்க? அதெல்லாம் நம்பர் போட்ட சீட்டு!"

அவர் நிறுத்தவில்லை. நாற்காலிக் கால்கள் புதுத் தரையில் கிறீச்சிட்டன. யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். "இந்தக் கூரைக்குக் கணக்குப் போட்டவளோட அப்பா நான்" என்றதும் விட்டுவிட்டார்கள். யாரோ யாருக்கோ போன் செய்தார்கள். அந்த வரிசையில் பாதி காலியானபோது மேலாளர் வந்து சேர்ந்தார். காலையில் போட்டிருந்த அதே வெள்ளைச் சட்டை.

"ஐயா, வாங்க. நான் வீட்டுல கொண்டு விடறேன்."

"மேல பாருங்க சார்."

"ஐயா, உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா ரெண்டாயிரம் பேர் வர்ற இடம் இது. இன்னும் ஒண்ணரை மணி நேரத்துல..."

"மேல பாருங்கன்னு சொல்றேன்."

மேலாளர் அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கழுத்து நரம்பு ஒன்று புடைத்தது.

"இதை எப்ப மாட்டினீங்க?" என்றார் எலக்ட்ரீஷியனிடம், தலையை இறக்காமலே.

"முந்தாநேத்து சார்."

"எங்க கணக்குல இது இல்லையே." யாரிடமும் சொல்லாததுபோல் அதைச் சொன்னார்.

"அவளுக்கும் இது தெரியாது சார்," என்றார் கிரேன்காரர். "இது இல்லாமலே அவ பயந்தா."

மேடையில் ஒருவன் மைக்கைத் தட்டிப் பார்த்தான். ஸ்பீக்கர்கள் ஒருமுறை உறுமின. அது காதில் விழவில்லை, பாதத்தில் ஏறியது. சங்கிலி அசையவில்லை. ஒன்றும் ஆகவில்லை. வெயில் பட்டையில் மேலிருந்து ஏதோ ஒன்று சுழன்று சுழன்று இறங்கி, ஒரு நாற்காலியின் கறுப்பு மெத்தையில் உட்கார்ந்தது.

கிரேன்காரர் அதை விரல் நுனியால் ஒற்றி எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவு பெயின்ட் செதில். ஒரு பக்கம் வெள்ளை. திருப்பினால் சாம்பல், இரும்புக்கு முதலில் அடிக்கிற பூச்சின் நிறம். மேலாளரின் உள்ளங்கையில் வைத்தார். இரும்பு நகராமல் புதுப் பெயின்ட் இப்படி உரியாது என்பது இருவருக்கும் தெரியும்.

மேலாளர் கையை மூடிக்கொண்டார். மற்றக் கையால் போனை எடுத்தார்.

"கேட்டைத் திறக்காதீங்க... இல்ல, யாரையும் விடாதீங்க... மேடையில இருக்கறவங்க தெக்கு வாசல் வழியா வெளிய வரட்டும். ஓடாம வரச் சொல்லுங்க... காரணம் அப்புறம் சொல்றேன். ஆமா, நான்தான் சொல்றேன். என் பேரையே போட்டுக்கோங்க."

மைக் அணைந்தது. எலக்ட்ரீஷியன் ஒயரை அப்படியே போட்டுவிட்டு, கூரையைப் பார்த்தபடி பின்னால் பின்னால் நடந்து போனார். வெளியே கேட்டில் வந்து சேர்ந்தவர்களின் பேச்சு தூரத்தில் இரைச்சலாகக் கேட்டது. உள்ளே அவ்வளவு பெரிய இடத்தில் சத்தமே இல்லை.

"ஐயா, வெளிய வாங்க. போதும். விழா நின்னுடுச்சு," என்றார் மேலாளர். குரல் தாழ்ந்து, கிட்டத்தட்ட ரகசியமாக இருந்தது.

கிரேன்காரர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சங்கிலிக்கு நேர் அடியில் இன்னும் ஒரு நாற்காலி மிச்சமிருந்தது. இதை அவர் இழுக்கவில்லை. குனிந்து, ஒரு கையை மெத்தைக்கு அடியிலும் மறுகையை முதுகுக்குப் பின்னாலும் கொடுத்துத் தூக்கினார். நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, கால் எதிலும் இடித்துவிடாமல் பார்த்துப் பார்த்து, வாசலை நோக்கி நடந்தார்.