நடுவரின் செவிட்டுக் காது

கித்தோ நகரத்துப் பேட்டைக் கால்பந்து லீக்கில், மலைப் பழங்குடியில் பிறந்த செகுந்தோ கிஷ்பேயைப் போலப் பொறுமையான நடுவர் இல்லை என்று பேர். பயிற்சியாளர்கள் எவ்வளவு ஏசினாலும் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அதைப் பெரிய திறமை என்று அவரும் நம்பிக்கொண்டிருந்தார், பாவம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எடில்சன் சலா பந்தை உள்ளே எறியக் கோட்டோரம் வந்தான். சோத்தா பள்ளத்தாக்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினப் பையன். எதிரணிப் பயிற்சியாளர் காலோ தெரான் அவன் முதுகுக்குப் பின்னால், "மரத்துக்கே திரும்பிப் போடா கொரங்கே" என்றார். பக்கத்தில் நின்ற செகுந்தோவுக்குத் தெளிவாகவே கேட்டது.

எடில்சன் திரும்பிப் பார்த்தது தெரானை அல்ல, நடுவரை.

"சார், கேட்டீங்கல்ல?"

"எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா. பந்தை எறி."

பழக்கதோஷத்தில் வாய் சொல்லிவிட்டது. எடில்சன் பந்தைக் கீழே போட்டான். போய்த் தெரானைக் குப்புறத் தள்ளினான். செகுந்தோ ரெட் கார்டு காட்டினார். சட்டப்படி சரிதான். மேசையில் இருந்த லீக் அலுவலர் பையனின் ஆட்டக்கார அட்டையைப் பிடுங்கி வைத்தார். பயிற்சியாளர் மேல் கை வைத்தால் ஒரு வருஷத் தடை.

அன்றிரவு மனைவி வைத்த லோக்ரோ சூப் ஆறும்வரை செகுந்தோ கணக்குப் போட்டுப் பார்த்தார். உண்மையைச் சொன்னால் தன் விசில் போகும், சொல்லாவிட்டால் பையனின் ஆட்டம் போகும். செவ்வாய்க்கிழமை தண்டனைக் குழுவின் முன் எழுந்து, தனக்குக் கேட்டது என்றும், கேட்கவில்லை என்றது பொய் என்றும் சொல்லிவிட்டார்.

தெரானுக்குக் கோபம்கூட வரவில்லை. நிஜமாகவே குழம்பிப்போனார். "என்ன செகுந்தோ இது? உன்னையே நான் எத்தனை வருஷமா மலைக்காட்டான்னு ஏசுறேன். ஒரு நாளாவது கார்டு காட்டினியா? இங்க எதையும் பேசலாம்னு நீதானய்யா பழக்கினே."

குழு தெரானை நீக்கியது, செகுந்தோவின் விசிலை வாங்கிக்கொண்டது, எடில்சனின் அட்டையைத் திருப்பிக் கொடுத்தது.

வாசலில் செகுந்தோ அவனிடம் மன்னிப்புக் கேட்டார். எடில்சன் அட்டையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அந்தாளு சொன்னதுக்காக நான் தள்ளல சார். அதெல்லாம் சின்ன வயசுலேருந்து கேக்குறதுதான். நீங்க கேக்கலன்னு சொன்னீங்களே, அதுக்குத் தள்ளினேன். உங்க மேல கை வைக்க மனசு வரல."