தைத்த காது

ஊர் அவனை ஏசம்மாள் என்றே கூப்பிட்டது. அவனுக்கு அந்தப் பெயர் ஒருநாளும் ஒட்டவில்லை. நாமாவது அவன் என்று சொல்லிவிட்டுப் போவோமே, நமக்கென்ன குறைந்துவிடப் போகிறது?

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஐந்து வயதில் அவனுக்குக் காது குத்தி, துளை பெருக ஈயக் குணுக்கு மாட்டினார்கள். "நான் ஆம்பளப் பிள்ளல்லா, எனக்கு எதுக்கு?" என்று அழுதான். வீடே சிரித்தது. காது தோள்வரை தொங்கியதும் பாம்படம் ஏறியது. பதினாலில் சமைந்தபோது மூலையில் உட்காரவைத்து உளுந்தங்களி கொடுத்தார்கள். தின்றான். யார் உடம்புக்கோ யாரோ சோறு போடுகிறார்கள் என்றிருந்தது. அழுகைகூட வரவில்லை.

யுத்த காலத்தில், இருபது வயதில், தளவாய்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தம் பேச வந்தார்கள். ஓடிப்போய்விட முடிவுசெய்தான். முடியை வெட்டலாம், வேட்டி கட்டலாம், மார்பைத் துணியால் இறுக்கலாம். இந்தத் தொங்கு காதை எங்கே ஒளிப்பது? பார்த்தவுடன் பெண் என்று சொல்லிவிடுவார்கள்.

"அம்மா, காத அறுத்துத் தைக்கணும்."

வளர்த்த காதைத் தைத்துச் சின்னக் கம்மல் போடுவது அப்போது கிறிஸ்தவப் பெண்களிடம் புது நாகரிகம். அம்மா ஞானரத்தினத்துக்கு வாயெல்லாம் பல். "இப்பத்தான் ஏட்டி ஒனக்குப் பொம்பளப் புத்தி வந்திருக்கு!" ஆஸ்பத்திரிக்கு அவளே கூட்டிப் போனாள். தையல் போடுகையில் அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள். பாவம், பெற்றவளை இப்படியா ஏமாற்றுவது என்று எனக்கே ஆத்திரம் வருகிறது. ஆனால் அவன் வேறு என்னதான் செய்வான்?

புண் ஆறிய வாரமே ராஜபாளையத்துக்கு ஓடினான். தேவநேசன் என்று பெயர் சொல்லிப் பஞ்சு மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தான்.

எட்டு மாதம் கழித்து, யாரோ துப்புச் சொல்லி, அம்மா மில் வாசலில் வந்து நின்றாள்.

"யாரத் தேடுதீயம்மா?" என்றான் கூட வேலைசெய்யும் தனுஷ்கோடி.

"எம் மகள..." என்றவள், மூட்டையோடு நின்றவனைப் பார்த்துவிட்டாள். கிராப்புத் தலை, வேட்டி, காது மடலில் தழும்பு. அவள் கண்முன்னே போட்ட தையல் அது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனை நடுத்தெருவில் நிறுத்தி உரித்துப் பார்ப்பார்கள். அவனுக்குப் பயம்கூட மரத்துப் போயிருந்தது.

"இவன் தேவநேசன். தெரிஞ்ச ஆளா?"

அம்மா தனுஷ்கோடி பக்கம் திரும்பினாள்.

"இல்லய்யா. இந்தத் தம்பிய நான் பாத்ததே இல்ல."

திரும்பி நடந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவன் அவள் வாயால் கேட்க ஆசைப்பட்டது 'தம்பி' என்ற அந்த ஒரு சொல்லைத்தான். கேட்டாயிற்று. இனி அவளை அம்மா என்று கூப்பிட முடியாது.