இரண்டு மணி பத்து நிமிஷம்

"அங்க போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார் மேசைக்கு எதிரே நின்றவர். விமான டிக்கெட் போட்டுத் தரும் அந்தக் கடையில் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள், திரையைப் பார்க்காமலே சொன்னாள். ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், நடுவில் ஒரு கடல், இரண்டு மணி பத்து நிமிஷம். அட, கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடலாமே என்று சிரித்தார் அவர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஊரில் இருக்கும் அண்ணனும் இதையேதான் சொல்வான், கூப்பிடு தூரம்தானே, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று. அப்படிச் சொல்லியே ஏழு வருஷம் வராமலிருக்கிறான் அந்த மகராசன்.

அப்பாவின் கால் விரல்களில் சீழ் வைத்திருந்தது. இன்று பதினொரு மணிக்கு விரல்களை எடுத்தாக வேண்டும், தள்ளிப் போட்டால் கணுக்காலோடு போகும் என்று டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். அப்பாவோ, பையன் வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஆபரேஷனுக்கு உள்ளே போவேன் என்று, இருக்கிற நிலைமையில், ஒற்றைக்காலில் நிற்கிறார். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டுகிறவள் கையெழுத்து செல்லாதாம். வேறு வழியில்லாமல் அண்ணனுக்குக் காலை விமானத்தில் அவளே டிக்கெட் போட்டிருந்தாள்.

டிக்கெட் கேட்டு வந்தவர் போனதும் அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஏர்போர்ட்டில்தான் இருக்கிறானாம், விமானம் தாமதமாம், எப்போது கிளம்பும் என்றே தெரியவில்லையாம். யாரிடம் வந்து எந்தப் பொய்யைச் சொல்கிறான்! அவள் டிக்கெட் எண்ணைத் தட்டினாள். விமானம் நேரத்துக்குப் புறப்பட்டிருந்தது. அவன் டிக்கெட் நேற்று சாயங்காலமே அடுத்த மாதத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. ஜன்னலோர இருக்கை வேறு கேட்டு வாங்கியிருந்தான்.

"பிளேன் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆச்சு. நீ நேத்தே தேதிய மாத்திட்ட. எல்லாம் என் முன்னாலதான் இருக்கு."

 லீவு கிடைக்கவில்லை என்றான், நீதான் பக்கத்திலேயே இருக்கிறாயே என்றான்.

"ஆமா, நான் இருக்கேன். அத அவர்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆஸ்பத்திரியில் அப்பா முகச்சவரம் செய்துகொண்டு, சட்டை மாற்றி, கதவைப் பார்த்தபடி சாய்ந்திருந்தார். எதுவரைக்கும் வந்திருக்கிறான் என்று கேட்டார்.

"அவன் ஏறவே இல்லப்பா. அடுத்த மாசத்துக்கு மாத்திட்டான்."

அப்பா நம்பவில்லை. பிளேன் தாமதமாகியிருக்கும், நீ சரியாகப் பார்த்திருக்க மாட்டாய் என்றார்.  நர்ஸ் கொண்டுவந்த தாளை வாங்கிக்கொண்டாள்.

"நான் போடுறேன் கையெழுத்து. உள்ள போறீங்களா, இல்லையா?"

அவர் கண் கதவிலேயே இருந்தது. வெளியே செருப்புச் சத்தம் கேட்டால் போதும், கழுத்து நிமிர்ந்தது. அவள் தாளோடும் பேனாவோடும் எழுந்து போய்க் கதவு நிலையை அடைத்துக்கொண்டு நின்றாள். அவர் தலையை ஒரு பக்கம் சாய்த்து அவளைத் தாண்டி வெளியே பார்த்தார். அவளும் அந்தப் பக்கம் நகர்ந்தாள். முதுகுக்குப் பின்னால், அவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோகத் தள்ளுவண்டி வந்து நின்றது. வழி விடுங்கம்மா என்றார் வண்டிக்காரர். அவள் திரும்பவில்லை.