திரையில் ஒன்றுமில்லை

1

இந்தக் கதையை மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்றையும் அடித்துவிட்டேன். அடித்ததை உங்களிடம் காட்டுவதில் எனக்குக் கூச்சமில்லை. இதைவிடக் கூச்சப்பட வேண்டியது பின்னால் வருகிறது.

முதல் தொடக்கம்: 1988ஆம் ஆண்டு தருமபுரியில், பென்னாகரம் ரோட்டிலிருந்த ஒரு கிரானைட் ஏற்றுமதிக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது —

(செய்தித்தாள் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.)

இரண்டாவது: ஷரீபுன்னிசாவுக்குக் கண் தெரியாது, ஆனாலும் —

(இந்த ‘ஆனாலும்’ அவருக்குப் பிடிக்காது. முகத்தைச் சுளிப்பார்.)

மூன்றாவது: அன்றைக்கு நானும் அந்த அறையில்தான் இருந்தேன். நான் என்ன செய்திருக்க முடியும் —

மூன்றாவதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் ‘நான்’ என்று எழுதியதும் அந்த ஆள் கையோடு வக்கீலையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். வாக்கியத்துக்கு வாக்கியம் எனக்குச் சாதகமாக ஒரு காரணம் முளைத்தது. அதனால் அவனுக்குக் குப்புராஜ் என்று பெயர் வைத்து, எட்ட நிறுத்தி, ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். மற்றபடி குப்புராஜ் நான்தான். இதை ஒளித்துவைத்துக் கடைசியில் உங்களைத் திடுக்கிட வைக்கும் உத்தேசமெல்லாம் இல்லை.

2

குப்புராஜுக்கு அப்போது இருபத்தாறு வயது. பெங்களூரில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்தவன். கம்பெனியில் அந்த மெஷினைத் தொடத் தெரிந்த ஒரே ஆள் என்பதால், கடத்தூரிலிருந்த அவனுடைய மாமன்மார்கூட அவனை ‘இன்ஜினியர்’ என்றார்கள். அவன் மறுக்கவில்லை.

ஷரீபுன்னிசா கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். முப்பது வயது. பிறவியிலேயே பார்வை கிடையாது. எட்டு வருஷமாகப் போர்டில் இருந்தார். அவர் படித்த பார்வையற்றோர் பள்ளியின் ஆசிரியை தெரசா, சீமையிலிருந்து யாரோ பள்ளிக்கு அனுப்பிய பேசும் பெட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒருநாள் வந்தார். முதலாளி கிருஷ்ணப்பனிடம் அரை மணி நேரம் பேசினார். பெட்டியைக் கம்ப்யூட்டரின் பின்னால் மாட்டவைத்துவிட்டுத்தான் போனார். செங்கல் அளவுதான் இருக்கும். திரையில் வரும் இங்கிலீஷை மூக்கடைத்த குரலில் படிக்கும்.

“உங்க துரைக்குச் சளி புடிச்சிருக்குது சார். கஷாயம் வெச்சுக் குடுங்க,” என்றார் ஷரீபுன்னிசா.

ஒரே மாதத்தில், மதியம் போன் குறைந்த நேரத்தில், இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் போகிற கடிதங்களை அவரே அடிக்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அந்தக் கடிதங்களைக் குப்புராஜ் அடித்துக்கொண்டிருந்தான். ஷரீபுன்னிசாவின் கடிதங்களில் பிழை குறைவு.

(இந்தக் கடைசி வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று.)

3

கிருஷ்ணப்பனுக்கு ஆசை பெரிது. மூன்று பேர் மூன்று கீபோர்டில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் ஒரே மெஷினில் வேலை செய்யவேண்டும். மெஷினில் இருந்த டாஸ் என்ற சிஸ்டம் ஒரு சமயத்தில் ஒருவருக்குத்தான் இடம் கொடுக்கும். ஆகவே பெங்களூரிலிருந்து யுனிக்ஸ் என்ற புது சிஸ்டம் வந்தது. குப்புராஜ் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் பழைய சிஸ்டத்தையும் மறு பாதியில் புதியதையும் வைத்தான்.

* கம்ப்யூட்டர் பழகாதவர்களுக்கு: ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவிட்சைப் போட்டதும் எந்த அடுப்பைப் பற்றவைப்பது என்று மெஷின் கேட்கும். வாயால் அல்ல, திரையில். அந்தக் கேள்வி வந்து நிற்கும் கணத்தை, டிஸ்க் சுற்றும் சத்தம் அடங்குவதை வைத்தே ஷரீபுன்னிசா கண்டுபிடித்தார். மூன்று எழுத்து அடித்து என்டரைத் தட்டினால் பழையது. சும்மா தட்டினால் புதியது.

பழையதில் பெட்டி பேசியது. புதியதில் வாயைத் திறக்கவில்லை.

“அதுல பேசாதுங்க மேடம். அது வேற சிஸ்டம்,” என்றான் குப்புராஜ்.

“எதனால பேசாதுங்க?”

“பேசாதுங்க, அவ்ளோதான்.”

(காரணம் அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.)

யுனிக்ஸோடு வந்த தடிப்புத்தகத்தை ஷரீபுன்னிசா கேட்டு வாங்கிப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரசா டீச்சர் அதை வாசித்துக் கேசட்டில் பதிந்து கொடுத்தார். பதினொரு கேசட். வீட்டில் தங்கை குல்ஷன் தையல் மிஷின் மிதிக்கும் சத்தத்துக்கு நடுவே, டேப் ரெக்கார்டரைக் காதோடு வைத்துக் கேட்டாராம். பிறகு ஒரு திங்கட்கிழமை குப்புராஜிடம் வந்தார்.

“சார், இந்தச் சிஸ்டத்துல எல்லாமே ஃபைலுதானாமே. பின்னாடி ஒயர் மாட்டற எடங்கூட ஒரு ஃபைலாம். அப்ப எழுத்த ஸ்கிரீனுக்கு அனுப்பாம, துரை மாட்டியிருக்கற எடத்துக்கு அனுப்பி வுட்டா, அவரு படிச்சுத்தான ஆவணும்?”

குப்புராஜ் சிரித்தான். “அடிச்சுப் பாருங்க.”

முதல் தடவை பெட்டி பேசவில்லை. அந்த இடத்துக்கு அனுமதி வேண்டும் என்று திரை சொன்னது. அனுமதி கொடுக்கும் கடவுச்சொல் குப்புராஜிடம் மட்டும் இருந்தது. அவன் ஒரு வரி அடித்து அனுமதியைத் திறந்தான். ஷரீபுன்னிசா மறுபடி அடித்தார்.

பெட்டி பேசியது. அன்று ஏற்றவேண்டிய கற்களின் பட்டியலை ஒவ்வொன்றாக, சளி பிடித்த குரலில் வாசித்தது. ஷரீபுன்னிசா இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்துக்கொண்டார். பட்டியல் முடியும்வரை விடவில்லை.

பெங்களூரிலிருந்து வந்து சிஸ்டத்தைக் கொடுத்துவிட்டுப் போனவர்களுக்குத் தெரியாத ஒன்று அது. குப்புராஜுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. (இருந்ததா? இருந்தது. அன்றைக்கு மட்டும்.)

4

மெஷினை நிறுத்திப் போட்டால் அந்த அனுமதி திரும்ப மூடிக்கொள்ளும். தினமும் காலையில் குப்புராஜ் அதைத் திறந்துவிடவேண்டும்.

“குப்புராஜ் சார், கதவத் தொறந்து வுட்டீங்களா?” என்று போர்டிலிருந்தே குரல் வரும்.

“தொறந்தாச்சுங்க.”

மெஷின் கிளம்பும்போதே படிக்கும் ஃபைலில் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் கதவு தானாகத் திறந்துகொள்ளும். புத்தகத்தில் இருக்கிறது, ஏழாவது கேசட். ஷரீபுன்னிசா மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அவன் “நாளைக்குப் போட்டுடறேங்க” என்றான்.

இங்கே நான் நின்று யோசித்தேன். குப்புராஜைப் பொறாமைக்காரனாக எழுதிவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். ஆனால் அது சரியில்லை. அவனுக்கு அந்தக் காலைக் குரல் பிடித்திருந்தது. அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் அவனை யாரும் எதுவும் கேட்கத் தேவையிருக்காது. அவ்வளவு அற்பமான காரணம்தான். அற்பம் என்பதாலேயே அதை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவில்லை.

5

1989 ஜனவரியில் கிருஷ்ணப்பன் ஒரு முடிவெடுத்தார். டாஸைத் தூக்கிவிட்டு முழு டிஸ்க்கையும் புதியதற்கே கொடுப்பது. ஷரீபுன்னிசா அவர் அறைக்குப் போய், புதியதிலும் தன்னால் வேலை செய்ய முடியும் என்றார்.

“செஞ்சு காட்டும்மா,” என்றார் கிருஷ்ணப்பன். “காட்டிட்டீன்னா ஸ்டாக் செக்‌ஷன ஒன்கிட்டவே குடுத்தர்றேன். போர்டுக்கு வேற ஆளப் போட்டுக்கலாம்.”

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு என்று முடிவாயிற்று. காலையில் குப்புராஜ் கதவைத் திறந்துவைத்தான். பத்தரைக்குக் கரண்ட் போய் ஐந்து நிமிஷத்தில் வந்தது. மெஷினைத் திரும்பக் கிளப்பினான். கதவைத் திறக்க —

மறந்தான்.

(‘மறந்தான்’ என்பதை அடித்து ‘திறக்கவில்லை’ என்று எழுதினேன். அதையும் அடித்தேன். எது சரியென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இரண்டில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு அடுத்து வருவதில் அப்படி எந்தச் சந்தேகமும் இல்லை.)

பதினொரு மணிக்கு ஷரீபுன்னிசா உட்கார்ந்தார். பச்சைச் சேலை, புதிது. பின்னால் கிருஷ்ணப்பன் நின்றார். ஷரீபுன்னிசா, பெட்டிக்கு எழுத்தை அனுப்பும் வரியை அடித்துத் தட்டினார்.

பெட்டி பேசவில்லை.

மறுபடி அடித்தார். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. பேசவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. ஒயரை அழுத்திப் பார்த்தார், மாட்டித்தான் இருந்தது. திரையில் பச்சை எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு தடவை, அனுமதி இல்லை என்று வந்திருந்தது. பெட்டிக்குப் போக முடியவில்லை என்கிற செய்தி பெட்டிக்கு எப்படிப் போகும்? அது திரைக்குத்தான் வரும். கிருஷ்ணப்பனுக்கு அந்த வரி புரியாது. அதைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவன் அந்த அறையில் ஒருவன்தான்.

ஷரீபுன்னிசா, அவன் வழக்கமாக நிற்கும் பக்கம் திரும்பினார்.

“சார், ஸ்கிரீன்ல ஏதாச்சும் வந்திருக்குதுங்களா?”

அனுமதி இல்லை என்று படித்தால், யார் கொடுக்கவேண்டிய அனுமதி என்று கிருஷ்ணப்பன் கேட்பார். கேட்டால் —

“ஒண்ணும் வரலீங்க மேடம்,” என்றான் குப்புராஜ்.

ஷரீபுன்னிசா மூன்றாம் தடவை அடித்தார். கிருஷ்ணப்பன் கடிகாரத்தைப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ஷரீபுன்னிசாவின் தோளருகே குனிந்து, “உடும்மா, பரவால்ல. நீ போர்டையே பாரு,” என்றார்.

திங்கட்கிழமை டாஸ் போய்விட்டது. பெட்டியை அட்டைப்பெட்டியில் போட்டுத் தெரசா டீச்சர் எடுத்துப்போனார். அதற்கப்புறம் எந்தக் காலையிலும் கதவு திறந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

6

இங்கே கதைக்கு வேறு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) குப்புராஜ் வாயைத் திறந்து, “அனுமதி இல்லைன்னு வருதுங்க, எம் பேர்ல தப்பு, ஒரு நிமிஷம் இருங்க” என்கிறான். குனிந்து ஒரு வரி அடிக்கிறான். பெட்டி பேசுகிறது. (எழுதிப் பார்த்தால் இரண்டரை வரிதான் வருகிறது. இவ்வளவு சின்னது.)

ஆ) அன்று சாயங்காலம் அவன் அவர்கள் வீட்டுக்குப் போகிறான். அவருடைய தகப்பனார் பக்ருதீன் நாற்காலி போடுகிறார். அவன் சொல்ல ஆரம்பித்து —

போகவில்லை. நடந்ததையே எழுதுகிறேன்.

ஏப்ரலில் ஷரீபுன்னிசா வேலையை விட்டார். பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் வேலை செய்யப் பார்வையற்றவர்களை எடுப்பதாகத் தெரசா டீச்சர் சொல்லியிருந்தார். அனுபவச் சான்றிதழ் வேண்டும். கிருஷ்ணப்பன் சொல்லச் சொல்லக் குப்புராஜ்தான் டைப் அடித்தான். டெலிபோன் ஆபரேட்டராக எட்டு வருஷம், நல்ல நடத்தை, நல்வாழ்த்துகள். கையெழுத்து, முத்திரை. கிருஷ்ணப்பன் குவாரிக்குக் கிளம்பிப்போய்விட்டார்.

“படிச்சுக் காட்டுங்க சார்,” என்றார் ஷரீபுன்னிசா.

அவன் படித்தான். நல்வாழ்த்துகளுக்கு முன்னால் வந்து நின்றான். பிறகு, காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, “கம்ப்யூட்டரில் இரண்டு சிஸ்டத்தையும் பிறர் உதவியில்லாமல் இயக்கக்கூடியவர்,” என்று படித்தான்.

காகிதத்தில் அது இல்லை.

ஷரீபுன்னிசாவின் முகம் மலர்ந்துவிட்டது. “மொதலாளியே சொன்னாருங்களா?”

“ஆமாங்க.”

இந்தத் தடவை அவன் நல்லது செய்வதாக நினைத்தான். இருந்ததை இல்லை என்று சொன்னவன், இல்லாததை இருக்கிறது என்று சொல்லிக் கணக்கை நேர்செய்யப் பார்த்தான்.

7

செப்டம்பரில் பஸ் ஸ்டாண்டில் குல்ஷனைப் பார்த்தான். அக்கா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான்.

“நல்லாருக்குதுங்க. பெங்களூர்லதான். அதே ஆபீசுதான், ஆனா போர்டு வேலைதான் கெடச்சுது.” குல்ஷன் கொஞ்சம் தயங்கினாள். “நான்தாங்க கூடப் போனேன். அந்த ஆபீசரு சர்டிபிகேட்ட சத்தமாப் படிச்சாரு. படிச்சு முடிச்சுட்டாரு. அக்கா, ‘இன்னொரு வரி இருக்கும், நல்லாப் பாருங்க சார்’னுச்சு. அவரு பாவம், பின்னாடிகூடத் திருப்பிப் பாத்தாருங்க.”

“அப்புறம்?”

“சர்டிபிகேட்ட வாங்கிப் பையில வெச்சுக்குச்சு. வூட்டுக்கு வந்துதான், ‘யாருகிட்டயும் சொல்லாத’ன்னுச்சு. ஒங்ககிட்டச் சொல்லிட்டேன். நீங்க அக்காவுக்கு வேண்டியவருன்னு.”

டிசம்பரில், ஒரு மத்தியானம், குப்புராஜ் எஸ்.டி.டி. பூத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தப் பெங்களூர் அலுவலகத்தின் எண்ணைச் சுழற்றினான். இரண்டாவது மணியில் எடுத்தார்கள். அலுவலகத்தின் பெயரை இங்கிலீஷில் சொன்னது ஷரீபுன்னிசாவின் குரல்.

சொல்லவேண்டியதை வரிசையாக எழுதிப் பையில் வைத்திருந்தான். எடுக்கவில்லை. குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, “டெஸ்பேட்ச் செக்‌ஷன் கொடுங்க,” என்றான். அப்படி ஒரு செக்‌ஷன் அங்கே இருக்குமா என்பதுகூட அவனுக்குத் தெரியாது.



“தர்றேங்க, குப்புராஜ் சார்,” என்றார் ஷரீபுன்னிசா.

கோபமில்லை. மற்றவர்களிடம் எப்படிச் சொல்வாரோ அப்படியே சொன்னார். ஒரு ‘க்ளிக்’. எங்கோ மணி அடித்தது. யாரோ எடுத்து, “ஹலோ, யாரு பேக்கு?” என்று, யார் வேண்டும் எனக் கன்னடத்தில் கேட்டார்.

இதற்கப்புறம் ஆறு வரி எழுதியிருந்தேன். ஒன்றில் குப்புராஜ் அழுகிறான், ஒன்றில் மறுபடி எண்ணைச் சுழற்றுகிறான், ஒன்றில் அவர் மன்னிக்கிறார். ஆறும் எனக்கு வேண்டியவன் எழுதியவை, எடுத்துவிட்டேன். நீங்கள் எனக்கு வேண்டியவர் இல்லை. ஆகவே நீங்கள் எழுதுங்கள். ரிசீவர் அவன் கையில்தான் இருக்கிறது. அந்தக் கன்னடக்காரர் இரண்டாம் தடவையும் கேட்டுவிட்டார், யார் வேண்டும் என்று.