தாத்தாவைவிட மூத்த துப்பாக்கி

தெருவே அவரை 'வேட்டைக்காரர்' என்றுதான் அழைத்தது. ஒரு கொசுவைக்கூடக் குறி பார்த்து அடித்தவரில்லை. வரவேற்பறைச் சுவரில் தொங்கிய இரட்டைக் குழல் துப்பாக்கிதான் அந்தப் பட்டத்தை வாங்கித் தந்திருந்தது.

"எங்க தாத்தா தன் கல்யாணத்துக்குன்னே சொல்லி வச்சு வாங்கினது. பெட்டியைப் பிரிச்சப்போ எண்ணெய்ப் பிசுக்குகூடப் போகல, அவ்வளவு புதுசு!" என்று, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். அந்தக் கல்யாணம் நடந்து எண்பது வருடம் ஆகிறது.

திடீரென்று போலீஸில் ஓர் உத்தரவு போட்டார்கள். நூறு வயதைத் தாண்டிய துப்பாக்கி அலங்காரப் பொருள், லைசென்ஸ் வேண்டாம். அதைவிட இளையது லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் இருந்தால் வழக்கு. வேட்டைக்காரரிடம் லைசென்ஸ் கிடையாது. தாத்தாவின் பெருமையே போதும் என்று இருந்துவிட்டார்.

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். கூப்பிடாமலே மைத்துனரும் ஒட்டிக்கொண்டார். கடைக்காரர் குழல்களைக் கழற்றி, கவிழ்த்துப் போட்டு, அடிப்பக்கத்து அழுக்கைத் துடைத்தார். பூதக்கண்ணாடிக்குக் கீழே, கிரீடம் போட்ட குட்டி முத்திரை ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"குழல் வெடிக்காம தாங்குதான்னு மருந்தைக் கூடுதலாப் போட்டுச் சுட்டுப் பாத்துட்டு அடிக்கிற முத்திரை சார் இது. இந்த மாதிரி அடிக்கிறத நிறுத்தியே நூத்திப்பத்து வருஷமாச்சு. நிம்மதியாப் போங்க, லைசென்ஸ் வேண்டாம்."

வேட்டைக்காரரின் முகம் மலர்ந்தது. மைத்துனர் விரல் விட்டு எண்ண ஆரம்பித்ததும் சுருங்கியது.

"அத்தான், அப்போ தாத்தா கல்யாணத்தப்பவே இதுக்கு முப்பது வயசு. மாப்பிள்ளையைவிடத் துப்பாக்கி மூத்தது! செகண்ட் ஹேண்ட்னு சொல்லுங்க."

"சும்மா இரு மச்சான். எங்க பரம்பரையில யாரும் பழைய சாமான் வாங்கினதில்ல."

"அப்போ எங்க அக்காவுக்கு வாங்கிப் போட்ட பிரிட்ஜ்?"

வேட்டைக்காரர் கடைக்காரர் பக்கம் திரும்பினார். "நல்லாத் துடைச்சுப் பாருய்யா. எண்பதுதான் இருக்கும்."

"துடைச்சா வயசு குறையறதுக்கு இதென்ன மூஞ்சியா சார்? எண்பதுன்னா நீங்க உள்ள போயிடுவீங்க."

மறுநாள், உத்தரவுப்படி துப்பாக்கியைக் காட்டப் போன காவல் நிலையத்தில், இன்ஸ்பெக்டர் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"கடைக்காரர் பழசுங்கறார். ஆனா, தாத்தா புதுசா வாங்கினார்னு என்கிட்டயே ரெண்டு தடவ சொல்லியிருக்கீங்க. இப்போ உங்க வாயாலயே சொல்லுங்க. புதுசுன்னா கேஸ். பழசுன்னா எடுத்துட்டுப் போகலாம்."

பின்னால் நின்ற மைத்துனர் நாற்காலியை இழுத்து முன்வரிசைக்கு வந்தார். அவர் கையிலிருந்த போனில் அவருடைய அக்காவும் காத்திருந்தாள்.

வேட்டைக்காரர் மேஜைமேல் குனிந்து, குரலை இறக்கினார்.

"சொல்லிடறேன் சார். முதல்ல என் மச்சானை வெளிய அனுப்புங்க."