அவன் காயவைத்த மரம்

மழை பெய்தால் அந்த அறை ஜன்னலை மூடி வை என்று கணவனிடமிருந்து செய்தி வந்தபோது, அவள் யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல்லுக்கு மெழுகில் மேடு எழுப்பிக்கொண்டிருந்தாள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடம் அது. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மேசைமேல் இன்னொரு முறை உறுமியது. "இங்க ஈரம் ஜாஸ்தி. மரம் அங்கயே இருக்கட்டும். கொஞ்சம் பாத்துக்கோ."

பக்கத்து நாற்காலியில் இருந்தவள், "என்னக்கா, முகம் இப்படிப் போகுது?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மெழுகைப் பார்த்தாள். மேடு இருந்த இடத்தில் அவளுடைய கட்டைவிரல் அழுந்திய பள்ளம்தான் இருந்தது.

அவன் வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி வாசிக்கும் ஒரு குழுவில் அவன் இரண்டாம் மாண்டலின். அதே குழுவில் வயலின் வாசிக்கும் ஒருத்தியோடு போய்விட்டான். சண்டை போட்டுவிட்டுப் போயிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அவனோ சட்டைகளைப் பெட்டியில் அடுக்கியபடி, "உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்றான்.  கேட்க வேண்டியதெல்லாம் அவன் படியிறங்கிப் போன பிறகு ஒவ்வொன்றாக வந்து நின்றது. கட்டியவளை விட்டுவிட்டுப் போகிறவன், மரக்கட்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறான். அதுவும் அவளிடமே.

அந்த மரம் அவர்களுக்குக் கல்யாணமான வருடம் வந்தது. முன்பலகைக்கு ஸ்ப்ரூஸ், முதுகுக்கும் பக்கங்களுக்கும் கழுத்துக்கும் மேப்பிள், இரண்டும் குளிர்நாட்டு மரங்கள். வயலின் மாதிரி வயிறும் முதுகும் மேடாகக் குடைந்தெடுத்த மாண்டலின் ஒன்றைத் தன் கையாலேயே செய்யப்போவதாக அவன் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான். உளிகள் வாங்கினான். முழு அளவு வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டினான். விருந்தாளிகள் வந்தால் ஸ்ப்ரூஸைத் தூக்கிக்கொண்டு வந்து, விரல் முட்டியால் தட்டி, அவர்கள் காதருகே பிடிப்பான். அதன் ஓரமாகக் கரும்பழுப்பு ரேகை ஒன்று ஓடும். அதைப் பூனையை வருடுவதுபோல வருடிக் காட்டுவான். எப்போது செய்யப்போகிறீர்கள் என்று யாராவது கேட்டால், "இன்னும் கொஞ்சம் காயணும்" என்பான். வீட்டிலேயே வெயில் படாத, காற்று வரும் அறை மரத்துக்குப் போனது. அவளுடைய தையல் மிஷின் வாசலுக்கு வந்தது. இருபது வருடம் காய்ந்தும் அந்த மரம் காயவில்லை.

அன்று மாலை அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த அறைக்குப் போய் ஜன்னலை அகலத் திறந்து வைத்தாள். சாரல் உள்ளே அடித்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேப்பிள்மேல் புள்ளி புள்ளியாக ஈரம் விழுவதைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஆனால் அது நீடிக்கவில்லை. நனைந்து கோணிப்போனால் என்ன ஆகும்? அவன் ரெண்டு நாள் வருத்தப்படுவான். வயலின்காரி தலையைத் தடவிவிடுவாள். அப்புறம், அந்த மரம் மட்டும் இருந்திருந்தால் நான் என்னவெல்லாம் செய்திருப்பேன் தெரியுமா என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டு திரிவான். கெட்டுப்போன மரம் அவனுக்கு லாபம். எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். துணியை எடுத்து மரத்தைத் துடைத்தாள். துடைக்கும்போது அவள் நகம் தானாக ஓரத்தில் அழுத்திப் பார்த்தது. மெழுகைவிடக் கடினம், பீங்கானைவிட மெது. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். வரைபடம் அங்கேயேதான் இருந்தது.

தங்கைக்கு விஷயம் தெரிந்ததும் கோபத்தோடு கிளம்பி வந்தாள். "எரிச்சிடுக்கா. மாடியில போட்டுக் கொளுத்து. மண்ணெண்ணெய் நான் வாங்கிட்டு வரேன்."

"எரிச்சா சாம்பல்டி. சாம்பல்ல சத்தம் வராது."

"அப்புறம் என்னதான் பண்ணப்போற?"

"அவர் செய்யறேன் செய்யறேன்னு சொன்னதை நான் செய்யப்போறேன்."

தங்கை குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் புரையேறியது. "உனக்கு சரிகமகூட வராதேக்கா!"

"வாசிக்கவா போறேன்? பல்லு செஞ்சு குடுக்கறேன், அதை மாட்டிக்கிட்டு நானா கடிக்கிறேன்?"

தெருமுனையில் கதவு ஜன்னல் செய்யும் தச்சரிடம் ஸ்ப்ரூஸைக் கொண்டுபோனாள். அதை நடுவில் பிளந்து, புத்தகத்தை விரித்தமாதிரி பக்கம் பக்கமாக ஒட்ட வேண்டும். தச்சர் மரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "யாரும்மா இதை இத்தனை நாள் வச்சிருந்தது? வாள் வைக்கவே மனசு வரலையே."

"எனக்கு வருது. அறுங்க."

ரம்பம் இறங்கியது. அந்தச் சத்தம் பட்டறையை நிறைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. காயவில்லை என்பதெல்லாம் சாக்கு. அறுத்தால் தப்பாகிவிடுமோ என்று அவனுக்குப் பயம், அவ்வளவுதான். இருபது வருடம் அவன் பயந்த காரியம் தேநீர் ஆறுகிற நேரத்துக்குள் முடிந்துபோனது. கீழே விழுந்த மரத்தூளைத் தச்சர் பெருக்கப் போனபோது, "அதைக் கட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். அதை அவனுக்குப் பார்சலில் அனுப்பும் எண்ணம் வந்து, அது சில்லறைத்தனம் என்று பட்டதால் வழியிலேயே கொட்டிவிட்டாள்.

வேலை எளிதாக இருக்கவில்லை. பக்கங்களுக்கான மேப்பிள் பட்டையைச் சூடான குழாயில் வளைக்கும்போது முதல் பட்டை பட்டென்று முறிந்தது, இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவதை ஈரத்துணியோடு சேர்த்துப் பிடித்து, அவசரப்படாமல் வளைத்தாள். முன்பலகையின் மேல்பக்கத்தை மேடாகச் செதுக்கி முடித்து, திருப்பிப் போட்டு உள்ளே குடையத் தொடங்கிய வாரம்தான் மோசமான வாரம். உளியைப் பிடிக்கும்போதெல்லாம் அவன் நினைப்பு வந்தது. வந்தால் உளி ஆழமாக இறங்கியது. ஒரு மாலை, "உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல" என்ற அந்தக் குரல் காதுக்குள் கேட்க, ஒரே இழுப்பில் ஓரிடத்தை அளவுக்கு மேல் பெயர்த்துவிட்டாள். உள்பக்கமாக ஒரு மெல்லிய ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. அதன்பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள். கோபப்படுவதென்றால் வேலைக்குப் போகும் பஸ்ஸில் கோபப்படுவது. பஸ்ஸில் மனசுக்குள் அவனை நிற்கவைத்து நாறடித்துவிட்டு, மாலையில் காலியான தலையோடு உட்கார்ந்தால் கை சொன்னபடி கேட்டது. பல்லின் கனம் பார்க்கும் சிறு இடுக்கி பலகையின் விளிம்புக்குத்தான் எட்டியது. நடுப்பகுதிக்குத் தச்சர் நீளக் கைகள் வைத்து ஒன்று செய்து கொடுத்தார். கடைசிக் கட்டத்தில் அதையும் அவள் நம்பவில்லை. பலகையை விளக்குக்கு எதிரே பிடித்தால், கனம் குறைந்த இடம் காதுமடல் மாதிரி சிவந்து தெரியும். சிவப்பு எங்கும் ஒன்றுபோலப் பரவும்வரை சீவினாள், தட்டினாள், மறுபடி சீவினாள். ஒருநாள் தட்டியபோது மரம் டொக்கென்று சொல்லாமல், தூரத்தில் யாரோ கதவு திறந்ததுபோல ஒரு ஒலி கொடுத்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

கழுத்து, விரல்பலகை, இருபுறமும் வளைந்த ஒலித்துளைகள், வார்னிஷ் என்று மேற்கொண்டு பல மாதங்கள் போயின. கணவன் நடுவில் ரெண்டு தடவை மரத்தை விசாரித்தான். "பத்திரமா இருக்கு" என்று பதில் போட்டாள். அது பொய்யில்லை.

யாருக்குக் கொடுப்பது என்பதை முதல் சீவலிலேயே முடிவு செய்திருந்தாள். குழுவில் முதல் மாண்டலின் வாசிக்கும் பேக்கரிக்காரர். அவள் கணவனுக்கு ஆகவே ஆகாதவர். ஒவ்வொரு ஞாயிறும் வீடு திரும்பியதும் அவரைப் பற்றித்தான் முதல் வசவு: மாவு பிசையற கை, அதுக்கு முதல் மாண்டலின் ஒரு கேடு! பேக்கரிக்காரரின் வலது முழங்கைக்குப் பக்கத்து நாற்காலிதான் அவனுடைய நாற்காலி.

கூட்டமில்லாத மத்தியானமாகப் பார்த்துப் பேக்கரிக்குப் போனாள். துணியைப் பிரித்ததும் அவர் அப்படியே நின்றார். உள்ளே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்தார். எட்டுத் தந்திகளையும் ஜோடி ஜோடியாகச் சுருதி சேர்த்து, மெதுவாக ஏதோ வாசித்தார். கண்ணாடி அலமாரியில் தட்டுகள் லேசாக அதிர்ந்தன. அவளுக்கு இசை தெரியாது. ஆனாலும் நன்றாக இருந்தது. அவள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. பழிவாங்கப் போதுமான அளவுக்குச் சத்தம் வந்தால் சரி என்றுதான் நினைத்திருந்தாள்.

"யாரும்மா செஞ்சது?"

"நான்தாண்ணே. உங்களுக்குத்தான். விலையெல்லாம் பேசாதீங்க. ஒண்ணே ஒண்ணு, ஞாயித்துக்கிழமை இதைத்தான் வாசிக்கணும். எப்பவும் உக்கார்ற அதே எடத்துல உக்காந்து."

அவர் ஓரத்துக் கரும்பழுப்பு ரேகையைப் பார்த்தார். குழுவில் அந்த ரேகையின் கதையைக் கேட்காதவர் யாரும் இல்லை.

"அவர் என் பக்கத்துலதானேம்மா உக்கார்றாரு."

"அதுக்குத்தாண்ணே."

 பேக்கரிக்காரர் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டே, "மாவு பிசையற கைன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவாராம்" என்றார். மாண்டலினைத் துணியில் சுற்றி, கல்லாவுக்குப் பின்னால், வேறு யார் கையும் படாத இடமாகப் பார்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல புடவையாக ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். குழு கூடுவது ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறையில். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளி நாற்காலிகளை வளைத்துப் போட்டிருந்தார்கள். கேட்க வருகிறவர்களுக்கான கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்தாள். கணவன் அவளைக் கவனிக்கவில்லை. கொஞ்சம் இளைத்திருந்தான். வயலின்காரி கவனித்தாள், கவனித்துவிட்டு வில்லுக்குப் பிசின்கட்டி தேய்க்கக் குனிந்துகொண்டாள்.

முதல் பாட்டு தொடங்கிச் சில வரிகள்தான் போயிருக்கும். கணவன் தலை மெல்ல இடப்பக்கம் திரும்பியது. முதலில் சத்தம் கேட்டுத்தான் திரும்பினான். அப்புறம் பார்வை அந்த ரேகையில் விழுந்தது. அவன் விரல்கள் நின்றன. மற்றவர்கள் வாசித்துக்கொண்டே போனார்கள். இரண்டாம் மாண்டலின் இல்லாததை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் வாய் பாதி திறந்திருந்தது. நெற்றி வெளுத்தது, பிறகு காது சிவந்தது. இந்த முகத்தைத்தான் அவள் பஸ்ஸில் எத்தனையோ தடவை வரைந்து பார்த்திருந்தாள். நேரில் அதைவிட நன்றாக இருந்தது. நெடுநாள் பட்டினிக்குப் பிறகு முதல் கவளம் இறங்குவதுபோல இறங்கியது. அவசரமில்லாமல், மென்று மென்று பார்த்தாள். அவன் கையை நீட்டினான். பேக்கரிக்காரர் வாசிப்பை நிறுத்தாமலே நாற்காலியில் ஒருக்களித்து உட்கார்ந்துகொண்டார்.

இடைவேளையில் யார் செய்தது என்று அவன் கேட்டதும், பேக்கரிக்காரர் மோவாயால் கடைசிப் பெஞ்சைக் காட்டினார். அவன் நேரே அங்கே வந்தான்.

"அது என் மரம்."

"மரமா இருந்தவரைக்கும் உங்களுது."

 கத்துவான் என்று காத்திருந்தாள். கத்தினால் சொல்ல ஒரு பட்டியலே வைத்திருந்தாள். அவன் பெஞ்சில் கையூன்றிக் குனிந்து, பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்:

"நடுவுல எவ்வளவு கனம் விட்ட?"

 இத்தனை வருடத்தில் அவள் செய்த வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி. ஒரு தாடை முழுவதற்கும் பல் செய்து முடித்துக் கழுத்து பிடித்துக்கொண்டு வந்த நாட்களில்கூட, இன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டவனில்லை. இப்போது கண்ணில் பயமும் ஆசையுமாகக் கேட்டுவிட்டு நிற்கிறான். அளவு அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லிவிட்டால் பேச்சு தொடரும். உட்காருவான். பக்கங்களை எப்படி வளைத்தாய் என்று கேட்பான். அவளும் சொல்வாள், முறிந்த பட்டைகளையும் சேர்த்துச் சொல்வாள். வேறு யாரிடம் சொல்ல முடியும்?

"சொல்ல மாட்டேன்."

"ஏய், வெளையாடாத. எனக்குத் தெரியணும்."

"தெரியாமலே இருங்க."

 அவன் திரும்பிப் போனான்.

இடைவேளைக்குப் பிறகும் அவள் உட்கார்ந்து வாசிப்பைக் கேட்டாள், கடைசிவரை கேட்டாள். எல்லோரும் கருவிகளைப் பெட்டியில் வைத்துக் கலையத் தொடங்கினார்கள். அவளும் எழுந்தாள். பேக்கரிக்காரர் இன்னும் நாற்காலியில்தான் இருந்தார். மாண்டலினின் கழுத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, உடலை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துக் காட்டினார். கணவன் தரையில் முழங்காலிட்டிருந்தான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றதை ஒலித்துளையில் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசலருகே வயலின்காரி நின்றாள். ஒரு கையில் அவளுடைய வயலின் பெட்டி, இன்னொரு கையில் அவனுடைய மாண்டலின் பெட்டி. போகலாமா என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கேட்டாள். பிறகு அவள் பார்வை கடைசிப் பெஞ்சுக்கு வந்தது. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், இருவரும் கண்ணை எடுக்கவில்லை. வயலின்காரி குனிந்து மாண்டலின் பெட்டியைச் சுவரோரம் தரையில் வைத்தாள். தன் வயலினை மட்டும் இரண்டு கைகளாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, அங்கேயே நின்றாள்.