பாபின் டப்பாவில் காலி அட்டை

பொம்மனஹள்ளியில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். “அக்கா, அஞ்சு நாளைக்கு எதுக்கு, ரெண்டே ரெண்டு கட் பண்ணிக் குடுங்க” என்று வருகிறவர்களுக்காகத்தான் அது. டாக்டர் ஐந்து நாள் என்று எழுதியிருப்பார். இவர்களோ இரண்டாம் நாளே குணமாகிவிட்டதாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். “பாதியில விட்டா கிருமி முழுசா சாகாதும்மா, மருந்துக்குப் பழகிக்கும்” என்று ஒன்பது வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். டி.பார்ம் படித்தவள் நான். பெயர் விஜி. ஊருக்கெல்லாம் இத்தனை வாய் பேசுகிற என் வீட்டிலேயே அந்தக் கூத்து நடந்தது.

என் வீட்டுக்காரர் சீனு, ஓசூர் ரோட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் மெக்கானிக். அந்தக் கம்பெனிக்குத் தான்சானியாவிலும் ஒரு ஃபேக்டரி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்து அனுப்புவார்கள். அங்கே மலேரியா அதிகம். அதனால் கிளம்பும்போதே தடுப்பு மாத்திரையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தினம் ஒன்று போட வேண்டும். திரும்பி வந்த பிறகும் இருபத்தெட்டு நாள் விடாமல் போட வேண்டும்.

அந்த இருபத்தெட்டு நாளில்தான் வந்தது வினை. அவர்களுடைய மெக்கானிக் ரூமில், தையல் மெஷினின் நூல் பாபின்களைப் போட்டு வைக்கிற ஒரு நீல நிற டப்பா உண்டு. முதல் முதலில் ஆப்பிரிக்கா போய் வந்த கில்பர்ட், தன்னிடம் மிஞ்சிய மாத்திரைகளை அதில் போட்டு அடுத்துப் போனவரிடம் கொடுத்தாராம். அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். அவ்வளவுதான், அது ராசி டப்பா ஆகிவிட்டது. அன்று முதல், வந்து இறங்கியதும் மாத்திரையை நிறுத்த வேண்டியது, மிச்சத்தை டப்பாவில் போட வேண்டியது, அடுத்தவர் கையில் கொடுத்து வழியனுப்ப வேண்டியது. கம்பெனி புதிதாகக் கொடுத்தாலும் டப்பா கையில் இருந்தால்தான் அவர்களுக்குத் தைரியம்.

சீனு வந்து இறங்கிய மறுநாள், அடுத்துப் போக வேண்டிய டெஸ்மண்ட் வீட்டுக்கு வந்தான்.

“விஜி, பையில மாத்திரை மிச்சம் இருக்கு பாரு. எடுத்துக் குடுத்துடு” என்றார் சீனு.

“உங்களுக்கு வேணாமா?”

“பெங்களூர்ல ஏதுடி மலேரியா!”

மூன்று மாதம் கழித்து மனுஷன் வீட்டில் இருக்கிறார். அவர் வாங்கி வந்த கிராம்பை மோந்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன் நான். டி.பார்ம் எல்லாம் அன்றைக்கு லீவில் போய்விட்டது. மாத்திரை அட்டைகளை எடுத்து, நானே ரப்பர் பேண்ட் போட்டு, “பத்திரமா போய்ட்டு வாப்பா” என்று டெஸ்மண்டிடம் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. கிளைமேட் மாறியதால் என்றார் அவர். டெங்குவாக இருக்கும் என்றார் கீழ் வீட்டுக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காய்ச்சல் மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டுக் கடைக்கு வந்தேன். மறுநாள் காலையில் பல் கிட்டிப்போகிற அளவுக்கு நடுக்கம். இரண்டு கம்பளி போட்டும் அடங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் விட்டுவிட்டது. “சரியாப் போச்சு, நீ போ” என்று என்னைத் துரத்தினார்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு ஒருவர் வந்து, “ரெண்டு மட்டும் கட் பண்ணுங்க மேடம்” என்றார். கத்தரிக்கோலை எடுத்து அட்டையில் வைத்தேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்த அட்டைகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. அடிப்பாவி! கத்தரிக்கோலை அப்படியே போட்டுவிட்டு, முதலாளியிடம்கூடச் சொல்லாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய், அவரைக் கிளப்பிக்கொண்டு ஓடினேன்.

கிளினிக்கில் டாக்டர் தீபிகா ரத்தத்தைச் சோதித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“மலேரியாதான். மூளைக்குப் போற ரகம். இன்னும் ரெண்டு நாள் டெங்குன்னு இருந்திருந்தீங்கன்னா என்கிட்ட வந்திருக்கவே வேண்டாம்.”

“அங்க மூணு மாசம் ஒழுங்கா மாத்திரை போட்டாரு டாக்டர்.”

“வந்தப்புறம்?”

“நிறுத்திட்டாரு. மிச்சத்தை நானே எடுத்துக் குடுத்துட்டேன்.”

“கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு கொசு கடிச்சிருக்கும். கிருமி ஈரல்ல ஒண்ணு ரெண்டு வாரம் பதுங்கிட்டு, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். வரும்போது மாத்திரை அங்க காத்துக்கிட்டிருக்கணும். அதுக்குத்தான் அந்த நாலு வாரம்.” மூன்று நாளைக்கு மருந்து எழுதினார். ஆறு வேளை, சாப்பிட்ட பிறகு. “ஒரு வேளைகூட விடக் கூடாது. அந்தப் பக்கம் சில எடத்துல இந்த மருந்துக்கும் லேசுல மசியாத கிருமி வந்திருக்கு. தினம் கூட்டிட்டு வாங்க. மூணாம் நாள் ரத்தத்துல இருக்கா இல்லையான்னு பார்த்துத்தான் நான் நிம்மதியா இருக்க முடியும்.”

இரண்டாம் நாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கிவிட்டது. ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டார். எனக்குப் போன உயிர் வந்தது. பாத்திரத்தை வைத்துவிட்டுத் திரும்பினால், மனுஷன் மீதி மாத்திரைகளைத் தலையணைக்கடியில் தள்ளிக்கொண்டிருக்கிறார்.

“என்னங்க பண்றீங்க?”

“இல்ல விஜி... எனக்குதான் சரியாப் போச்சே. டெஸ்மண்ட் அடுத்த வாரம் போறான். அங்க அவனுக்கு வந்தா ஒதவும்ல?”

அடக் கடவுளே! எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தெருவே கேட்டிருக்கும்.

“சாகற வரைக்கும் போயும் புத்தி வரலையா உங்களுக்கு? இப்ப உங்க ஒடம்புல மிச்சம் இருக்கறது எதுன்னு நெனைக்கறீங்க? மருந்தைப் பாதி தாங்கிட்டு நிக்கற கிருமி! கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னா அது கேக்குமா? நீங்க இங்கயே நிறுத்தினா அது பெருகும். உங்களைக் கடிக்கற கொசு அதை எடுத்துட்டுப் போய்க் கீழ் வீட்டுக் குழந்தைக்குக் குடுக்கும். அப்ப எந்த மருந்தைக் குடுப்பீங்க?” கத்தக் கத்த அழுகை வந்துவிட்டது. “ரப்பர் பேண்ட் போட்டுக் குடுத்தது நான்தாங்க. அதுக்கு நான் எங்க போய் முட்டிக்கறது?”

அவர் தலையணைக்கடியிலிருந்து மாத்திரையை எடுத்து, “பால் குடு” என்றார்.

மூன்றாம் நாள் கிளினிக் பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மெஷின் எண்ணெய் நகத்துக்குள் ஏறிப்போன அந்தக் கையை நானும் விடவில்லை. டாக்டர் தீபிகா கதவைத் திறந்து தலையை நீட்டி, “ஒண்ணுமே இல்லை, கிளீன்” என்றார். நான் அங்கேயே ஓவென்று அழுதுவிட்டேன். பக்கத்திலிருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பயந்துபோனார்கள்.

மறுநாள் சீனுவும் டெஸ்மண்டும் கடைக்கு வந்தார்கள். சீனு நீல டப்பாவைக் கண்ணாடி மேஜையில் கவிழ்த்தார். நான் ரப்பர் பேண்ட் போட்ட அட்டைகள் மேலே கிடந்தன. அடியில் தேதி போனது பாதி, பெயர் அழிந்தது மீதி. கில்பர்ட் காலத்துப் பழைய மலேரியா மாத்திரை குளோரோகுயின்கூட இருந்தது. தான்சானியாவில் இருக்கிற கிருமிக்கு அது மிட்டாய்.

“இதை நம்பியாப்பா போறீங்க எல்லாரும்?”

“ராசிக்கா” என்றான் டெஸ்மண்ட், பாவமாக.

“ராசியால பொழைச்சேனா நானு?” என்றார் சீனு. “இனிமே இந்த டப்பாவுல யாரும் மாத்திரை போடக் கூடாது. காலி அட்டைதான் போடணும். திரும்பி வந்து இருபத்தெட்டு நாள் முழுங்கின அட்டை. அதைப் பார்த்துட்டு அடுத்தவன் தைரியமா கெளம்பட்டும். கில்பர்ட்டண்ணன்கிட்ட சொல்லிட்டேன். மொதல்ல மொறைச்சாரு, அப்புறம் அவரே டப்பாவைக் கழுவித் தரேன்னுட்டாரு.”

டெஸ்மண்ட் கம்பெனி கொடுத்த புது மாத்திரையோடு மட்டும் கிளம்பினான். கத்தரிக்கோல் இப்போதும் கடையில்தான் தொங்குகிறது. ஆன்டிபயாட்டிக்கை மட்டும் அதை வைத்து வெட்டுவதில்லை. முதலாளி முணுமுணுத்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்கு மாதம் ஆகிவிட்டது. போன சனிக்கிழமை, கறுத்து இளைத்து டெஸ்மண்ட் கடைக்கு வந்து நின்றான். நீல டப்பாவைத் திறந்து மேஜையில் வைத்தான். உள்ளே காலி அட்டைகள். கையில் ஓர் அட்டை, அதில் ஒரே ஒரு மாத்திரை.

“இன்னிக்கு இருபத்தெட்டாவது நாளுக்கா. உங்க எதிர்ல போடலாம்னு எடுத்துட்டு வந்தேன். தண்ணி குடுங்க.”

“சாப்டியா?”

“பிரியாணிக்கா.”

டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். அவன் மாத்திரையைப் போட்டு, ஒரே மூச்சில் குடித்து முடித்தான். நான் அவனை நம்புகிற ஆளா? “வாயைத் தொற” என்றேன். சிரித்துக்கொண்டே ஆவென்று காட்டினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த அட்டையை வாங்கி நானே டப்பாவில் போட்டு, அடுத்துப் போகிற சஞ்சயிடம் கொடுக்கச் சொன்னேன்.